யாழ்ப்பாணக் காற்றில் அளவுக் கருவிகள் துருப்பிடிக்காத அலுமாரி

மைக்றோமீற்றரின் அளவு முகத்தில் கடுகளவு துரு ஏறினால் போதும், அதன் அளவை நம்ப முடியாது. துருப்புள்ளியின் உயரம் சில மைக்றோன்தான் (ஒரு மைக்றோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று). ஆனால் கிராங் தண்டைச் சாணை பிடிக்கிற வேலைத்தளத்தில் நூறில் ஒரு மில்லிமீற்றரைத்தானே கணக்குப் பார்க்கிறோம். அந்தப் புள்ளியை அரத்தாளால் தேய்த்து எடுத்தால் முகத்தின் சமதளமும் சேர்ந்து போய்விடும்.

குருநகர், பாசையூர், காரைநகர்ப் பக்கத்தில் வேலைத்தளம் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சுன்னாகம், கோண்டாவில் என்று உள்ளே தள்ளி இருந்தாலும் கடலும் கடனீரேரியும் அவ்வளவு தூரத்தில் இல்லை. அங்கே உப்போடு செம்மண் தூசியும் சேரும், சோளகக் காலத்தில் அது எந்த இடுக்கிலும் புகும். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை. கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் 33 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுக்கும். எனவே உப்புத் தூசி படிந்த உருக்கு, நமக்கு உலர்ந்ததாகத் தெரிகிற காற்றிலும் துருப்பிடிக்கும். இதனால் இந்த அலுமாரியை முதலில் காற்றுப் புகாத பெட்டியாகவும் பிறகுதான் லாச்சிகள் வைத்த தளபாடமாகவும் நினைத்துச் செய்ய வேண்டும். கீழே வரும் ஒவ்வோர் அளவும் அந்த எண்ணத்தில் போட்டது.

பலகை

மரம் அமில ஆவி விடும். பச்சை மரம் கூடுதலாகவும் காய்ந்த மரம் குறைவாகவும் அசற்றிக்கமில ஆவியை வெளிவிடும். திறந்த அறையில் அது காற்றோடு போய்விடும், மூடிய பெட்டிக்குள் உருக்கின் மேல் வேலை செய்யும். எம்.டி.எவ். பலகையும் மலிவான உள்வீட்டு பிளைவூட்டும் யூரியா போர்மல்டிஹைட்டுப் பசையால் ஒட்டப்பட்டவை, அவையும் ஆவி விடும். ஆகவே மரைன் பிளைவூட், அல்லது கொதிநீர் தாங்கும் பீனோலிக் பசை போட்ட பிளைவூட் எடுங்கள். வெட்டிய விளிம்பில் பசைக் கோடு கரும்பழுப்பாகத் தெரியும்.

வேப்பம் பலகை கறையானுக்குத் தப்பும் என்பது உண்மை. ஆனால் அகலப் பலகையாகப் போட்டால் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும், கதவு நெளியும். பிளைவூட்டில் அந்த அசைவு மிகக் குறைவு. தேக்கு, முதிரை இரண்டையும் லாச்சி ஓடும் சட்டங்களுக்கும் கதவு விளிம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் செய்வது நல்லது. மாரியில் வெட்டிய பலகை ஈரத்தோடு பூச்சுக்குள் அடைபடும்.

அளவுகள்

வெளி அளவு: அகலம் 600, உயரம் 520, ஆழம் 380 மி.மீ. (கதவு இல்லாமல்). ஐந்து லாச்சிகளும் அடியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுக்கான தட்டும் இதற்குள் அடங்கும். 8 × 4 அடி 18 மி.மீ. சீற் ஒன்று, 12 மி.மீ. அரைச் சீற், 6 மி.மீ. அரைச் சீற், பின்பக்கத்துக்கு 9 மி.மீ. துண்டு ஒன்று வாங்கினால் போதும்.

18 மி.மீ. பலகையில்: பக்கங்கள் இரண்டு, 380 × 520. மேலும் கீழும் ஒவ்வொன்று, 564 × 380. கதவு 580 × 520, அதன் பிணைச்சல் பக்கத்தில் 20 மி.மீ. தேக்கு விளிம்பு ஒட்டினால் 600 ஆகும்.
9 மி.மீ. பலகையில்: பின்பக்கம் 582 × 502.
12 மி.மீ. பலகையில்: ஒவ்வொரு லாச்சிக்கும் 340 நீளப் பக்கங்கள் இரண்டு, 538 நீளத்தில் முன், பின் துண்டுகள். உயரம் மூன்று லாச்சிகளுக்கு 54, ஒன்றுக்கு 79, அடியிலுள்ள ஆழமான லாச்சிக்கு 104.
6 மி.மீ. பலகையில்: லாச்சி அடித்தட்டுகள் ஐந்து, 562 × 340.
முதிரைச் சட்டம்: 12 × 6 மி.மீ. தடிப்பில் 355 நீளத் துண்டுகள் பத்து.

அடித்தட்டின் 6 மி.மீ. சேரும்போது லாச்சிகளின் முழு உயரம் 60, 60, 60, 85, 110 ஆகும். கீழே தட்டுக்கு 80. எல்லாம் கூட்டினால் 455. இடைவெளிகள் ஏழு, ஒவ்வொன்றும் 4 மி.மீ. என்றால் 28. மொத்தம் 483. பெட்டியின் உள் உயரம் 484, ஆகவே 1 மி.மீ. மிச்சம். லாச்சி உயரங்களை உங்கள் கருவிகளுக்கு ஏற்ப மாற்றலாம், அந்த 4 மி.மீ. இடைவெளிகளைக் குறைக்க வேண்டாம். லாச்சிகளுக்குப் பின்னால் 23 மி.மீ. வெற்றிடம் வரும். அடியில் உலரும் காற்று அந்த வழியாக மேலே போய், இந்த 4 மி.மீ. இடுக்குகளால் ஒவ்வொரு லாச்சிக்கும் வர வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த அதை அடைத்தால் மேல் லாச்சி ஈரமாகவே இருக்கும்.

பெட்டி

நான்கு பலகைகளின் பின்விளிம்பிலும் 9 × 9 மி.மீ. படிவெட்டு எடுங்கள், பின்பலகை அதற்குள் உட்காரும். மேல், கீழ்ப் பலகைகள் பக்கங்களுக்கு இடையில் வரும். பொருத்துவதற்கு முன்பே முதிரைச் சட்டங்களைப் பக்கங்களில் அறைந்துவிடுங்கள், பிறகு கைக்கு இடம் வராது.

சட்டங்களின் மேல்விளிம்பு, பெட்டியின் உட்தளத்திலிருந்து 120.5, 234.5, 323.5, 387.5, 451.5 மி.மீ. உயரங்களில் வர வேண்டும். பக்கப் பலகையின் கீழ்விளிம்பிலிருந்து அளப்பதானால் ஒவ்வொன்றுக்கும் 18 கூட்டுங்கள். இதை ஒரு பக்கத்தில் கூட்டி மறுபக்கத்தில் மறந்துவிடுவதே அடிக்கடி நடக்கிற பிழை. இரண்டு பலகைகளையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கிளாம்ப் போட்டு, விளிம்பில் ஒரே கோடாகக் குறித்தால் பிழை வராது. சட்டத்துக்கு நீர் தாங்கும் பசையும் 3 × 16 மி.மீ. துருவேறா உருக்குத் திருகாணி மூன்றும் போடுங்கள். ஆணித்தலை சட்டத்துக்குள் முழுதாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் லாச்சியை அரிக்கும்.

மூலைகளுக்குப் பசையும் 4 × 50 திருகாணியும், மூலைக்கு ஐந்து. 2.5 மி.மீ. துளை முன்பே போடாவிட்டால் பிளைவூட் விளிம்பு பிளக்கும். பசை காய்வதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் நீளமான மூலைவிட்டத்தின் வழியே கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்பலகையை ஒட்டுங்கள். பின்பலகை சரியான செங்கோணத்தில் வெட்டப்பட்டிருந்தால் பெட்டியை அதுவே நேராகப் பிடித்துக்கொள்ளும். படிவெட்டு முழுக்கப் பசை இருக்க வேண்டும், விட்ட இடத்தால் காற்று வரும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசையை எந்த இடுக்குக்கும் பூச வேண்டாம், அது காயும்போது விடுவதும் அசற்றிக்கமிலமே.

லாச்சி

பக்கப் பலகையின் வெளிமுகத்தில் 12.5 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்தில் தவாளிப்பு வெட்டுங்கள். லாச்சியின் அடியிலிருந்து 20 மி.மீ. உயரத்தில், அதாவது அடித்தட்டு ஒட்டப்படும் விளிம்பிலிருந்து 14 மி.மீ. உயரத்தில், அது தொடங்க வேண்டும். ஐந்து லாச்சிக்கும் ரவுட்டரின் (தவாளிப்பு வெட்டும் மெசினின்) வேலி ஒரே இடத்தில் நிற்க, ஒரே தடவையில் வெட்டி முடியுங்கள். பின் நுனி வரை திறந்திருக்கட்டும். முன் நுனிக்கு 8 மி.மீ. முன்பாக நிறுத்தி, மூலையை உளியால் சதுரமாக்குங்கள். சட்டத்தின் முன் நுனி பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 16 மி.மீ. உள்ளே இருந்தால், லாச்சி அதில் முட்டி, பெட்டி முகத்துக்கு 8 மி.மீ. உள்ளே நிற்கும்.

லாச்சியின் வெளி அகலம் 562. பக்கத்துக்கு 1 மி.மீ. தளர்வு. இதைக் குறைத்து இறுக்கமாகச் செய்யும் ஆசை நல்ல தச்சருக்கும் வரும். ஆனால் பூச்சு ஏறிய பின் அந்த லாச்சி ஓடாது. பந்துருளை வைத்த இரும்பு வழிகள் கடையில் கிடைக்கும், அவை கடற்கரையில் இரண்டு மாரி தாங்கினாலே பெரிது. முதிரையின் மேல் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் வருடக்கணக்கில் வழுவழுவென்று ஓடும். சவர்க்காரம் தேய்க்க வேண்டாம், அது ஈரம் பிடிக்கும்.

குமிழ்பிடி தேவையில்லை. முன்பலகையின் மேல்விளிம்பில் 80 மி.மீ. நீளம், 15 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டிவிட்டால் விரலுக்கும் வழி, உலர்ந்த காற்றுக்கும் வழி.

கதவு

இந்த அலுமாரி நன்றாக வருவதும் கெடுவதும் கதவில்தான். பெட்டியின் முன்விளிம்பு 18 மி.மீ. அகலம். அதில் 9 மி.மீ. அகல, 6 மி.மீ. உயர ஈ.பி.டி.எம். இறப்பர்ப் பட்டியை நாலு பக்கமும் ஒட்டுகிறோம், மூடும்போது அது அமுங்கி 4 மி.மீ. உயரமாகும். சாதாரண முறையில் பிணைச்சலைக் கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் அறைந்தால் அந்தப் பக்கத்தில் பட்டிக்கு இடமே இருக்காது. பட்டியைத் திணித்தால் பிணைச்சல் பக்கம் முட்டிக்கொள்ளும், எதிர்ப்பக்கம் வாய் திறந்து நிற்கும். கொளுக்கியை இழுத்து மாட்டலாம்தான், ஆனால் திருகாணிகள் மெல்ல மெல்லப் பிடுங்கி வரும்.

ஆகவே பிணைச்சலை வெளியே போடுங்கள். ஓர் இலை பெட்டியின் பக்க முகத்திலும் மற்ற இலை கதவின் தேக்கு விளிம்பிலும் வரும். இலை 18 மி.மீ. அகலத்துக்கு மேற்படாத பித்தளைப் பிணைச்சல் மூன்று. அறையும்போது கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் நாலு மூலையிலும் 4 மி.மீ. துண்டு வைத்துப் பிடித்து அறைந்து, பிறகு துண்டை எடுத்துவிட்டுப் பட்டியை ஒட்டுங்கள். மூலைகளில் பட்டியை 45 பாகையில் வெட்டிச் சேருங்கள். வளைத்துத் திருப்பினால் மூலையில் தூக்கும்.

பூட்டும் பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இழுத்து மடக்கும் கொளுக்கி இரண்டு போடுங்கள், துருவேறா உருக்கில். காந்தக் கொளுக்கி வேண்டவே வேண்டாம். காந்தம் ஏறிய வேணியரின் தாடை இரும்புத்தூளைக் கவ்விக்கொண்டே இருக்கும், துடைத்தாலும் போகாது. இதே காரணத்துக்காக டயல் கேஜின் (முள் நகர்ந்து அளவு காட்டும் கருவியின்) காந்த அடித்தளத்தையும் இந்த அலுமாரிக்குள் வைக்காதீர்கள்.

மூடியதும் இரண்டு சோதனை. மெல்லிய கடதாசித் துண்டைப் பட்டிக்கு மேல் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள், கைவிரல் இடைவெளிக்கு ஓர் இடமாகச் சுற்றிவர. எங்கும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இரவில் உள்ளே ரோர்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடத்தால் மாரியில் ஈரம் வரும்.

பூச்சு

பலர் அவசரப்படுவது இங்கேதான். இந்த அலுமாரிக்குள் ஏறத்தாழ 100 லீற்றர் காற்று இருக்கிறது. 30 பாகை செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதனுடைய அந்தக் காற்றில் உள்ள நீர் இரண்டரைக் கிராம்கூட இல்லை. ஆனால் பலகைகளின் நிறை 20 கிலோவுக்கு மேல். அதன் ஈரம் ஒரு சதவீதம் இறங்கினாலே 200 கிராம் நீர் வெளியே வரும். சிலிக்கா ஜெல் உண்மையில் காற்றோடு அல்ல, பலகையோடுதான் போராடுகிறது. உட்புறம் முழுவதையும், வெட்டு விளிம்புகளையும், லாச்சிகளின் அடியையும் அடைத்துப் பூசினால் அந்தப் போராட்டம் சீக்கிரம் முடியும்.

உட்புறத்துக்கு அரக்குப் பொலிஷ் நாலு பூச்சு, அல்லது இரண்டு பகுதி எப்பொக்சி இரண்டு பூச்சு. எண்ணெய் வார்னிஷும் எனமல் பெயின்ரும் வெளிப்பக்கத்துக்கு மட்டும், அவை காயும்போது அமில ஆவி விடும். பூசி முடிந்ததும் கதவையும் லாச்சிகளையும் திறந்து, நிழலில் நான்கு கிழமை விடுங்கள். முகத்தை உள்ளே வைத்தால் மணம் வரக்கூடாது.

மணத்தை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. இரண்டு ஜாம் போத்தல் எடுத்து, ஒவ்வொன்றிலும் மினுக்கிய இரும்பு ஆணி ஒன்றும் தனியாக நனைத்த பஞ்சுத் துளியும் வையுங்கள். ஒன்றில் மட்டும் பூசிய பலகைத் துண்டையோ விரிக்கப்போகும் நுரைத் துண்டையோ சேர்த்து, இரண்டையும் இறுக மூடி வெயில்படும் இடத்தில் இரண்டு கிழமை விடுங்கள். பலகை வைத்த போத்தலின் ஆணி கூடுதலாகத் துருப்பிடித்தாலோ கறுத்தாலோ அந்தப் பொருள் உள்ளே போகக்கூடாது. அருங்காட்சியகங்களில் காட்சிப் பெட்டிக்குப் பொருள் தெரிவதற்கு 1973 முதல் இதே அடிப்படையில், 60 பாகையில் 28 நாள் வைத்து, ஒடி (Oddy) சோதனை செய்கிறார்கள்.

லாச்சிக்குள் விரிப்பு

கதிரைச் சீலைக்குள் வைக்கும் பஞ்சுநுரை நீரைப் பிடித்து வைத்திருக்கும், சில வருடத்தில் பிசினாக உருகிக் கருவியில் ஒட்டும். தோல் வேண்டாம், பதனிட்ட அமிலம் அதில் இருக்கும். நல்லது பொலித்தீன் நுரை. ரி.வி., பிரிட்ஜ் பெட்டிகளில் வருகிற, வளைத்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும் நுரை அதுதான். மணிமணியாக உதிர்ந்தால் அது ரிஜிபோம், விட்டுவிடுங்கள். 20 மி.மீ. தடிப்பில் எடுத்து, கருவியின் வடிவத்தைச் சுற்றி 1.5 மி.மீ. கூடுதலாகக் குறித்துக் கூரான கத்தியால் வெட்டுங்கள். விரல் நுழைய அரைவட்டப் பள்ளம் மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மைக்றோமீற்றரைத் தலையில் பிடித்துப் பிடுங்குவார்கள். நுரையை ஒட்டவே தேவையில்லை.

தினமும் எடுக்கும் வேணியரும் 0–25 மைக்றோமீற்றரும் மேல் லாச்சியில். டயல் கேஜ்கள், ஆழமானி இரண்டாவதில். மூலைமட்டமும் உருக்கு அளவுகோலும் மூன்றாவதில், தனியாக. வேறு கருவிக்கு மேல் எதையும் அடுக்கக்கூடாது. 85 மி.மீ. லாச்சியில் பெரிய மைக்றோமீற்றர்களும் துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜும். அடி லாச்சியில் சிலிப் கேஜ் (துல்லியமான அளவுக் கட்டைகள்) பெட்டி, சிலிக்கா ஜெல்லுக்கு மிக அருகில்.

பொருத்தும் இடம்

மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் கொதிக்கும், தவிருங்கள். கிறைண்டர் இருக்கும் மேசையிலும் லேத்துக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். இரும்புக் கோணச் சட்டத்தில், சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளிப் பொருத்துங்கள். சுவரைத் தொட்டால் கறையான் ஏறுவது தெரியாது. இடைவெளி இருந்தால் மண்புற்று வரும் அன்றே கண்ணில் படும்.

அளவீட்டுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை. இங்கே வேலைத்தளம் 31 பாகையில் இருக்கும்போது 100 மி.மீ. உருக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீண்டிருக்கும். வேலைத்துண்டும் உருக்காக இருந்து, இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால் பிழை கழிந்துவிடும். அலுமினியம் பிஸ்ரனை அளந்தால் கழியாது, அது உருக்கைப் போல இருமடங்கு நீளும்.

இதனாலேயே அலுமாரிக்குள் பல்ப் எரியவிடும் பழைய வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 30 பாகை, 80 சதவீதக் காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 60 சதவீதமாகும் என்பது சரிதான். ஆனால் கருவி வேலைத்துண்டைவிடச் சூடாக வெளியே வரும். மின்சாரம் நின்றால் பெட்டி குளிர்ந்து, வெளிக்காற்றை உப்போடு உள்ளே இழுக்கும்.

சிலிக்கா ஜெல்

செம்மஞ்சள் மணியாக ஒரு கிலோ வாங்குங்கள். ஈரம் பிடித்தால் அது கரும்பச்சையாகும். நீல மணியில் கோபால்ட் இருக்கிறது, அடுப்படியில் சூடாக்கத் தகாது. அரைக் கிலோவாக இரண்டு பருத்திப் பையில் போட்டு, ஒன்றை லாச்சிகளுக்குக் கீழுள்ள தட்டில் வையுங்கள், மற்றது மூடிய போத்தலில் காத்திருக்கட்டும். 500 கிராம் பை 600 கிராமை எட்டினால் மாற்றுங்கள். உலர்த்த, 110 முதல் 120 பாகை வரையான அவன் (oven) அடுப்பில் இரண்டு மணி நேரம். அவன் அடுப்பு இல்லாதவர்கள் தாச்சியில் மெல்லிய படையாகப் பரப்பி, சிறு நெருப்பில் கிளறலாம். ஈர மணியைத் திடீரென்று கடும் சூட்டில் போட்டால் வெடித்துத் தூளாகும்.

ஈரம் உறிஞ்ச என்று விற்கும் கல்சியம் குளோரைட்டுப் பெட்டிகளை உள்ளே வைக்காதீர்கள். அது உருகி உப்புநீராகும், ஒரு துளி சிந்தினால் லாச்சியே போகும்.

ஈரப்பதன் மானி ஒன்று உள்ளே இருக்க வேண்டும். மலிவானவை 5, 10 சதவீதம் பிழை காட்டும், வாங்கியதும் சரிபாருங்கள். ஒரு போத்தல் மூடியில் ஆனையிறவு உப்பைச் சேறுபோல நனைத்து வைத்து, மானியையும் அதோடு, உப்பில் படாமல், சிறிய பொலித்தீன் பையில் 12 மணி நேரம் அடையுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 சதவீதமாக நிற்கும். மானி 81 காட்டினால் எப்போதும் 6 கழித்துக்கொள்ளுங்கள். இதை அலுமாரிக்கு வெளியே, தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

உள்ளே 40 முதல் 50 வரை நிற்க வேண்டும். முதல் மாதம் பை மூன்று நாலு தடவை நிரம்பும், அது பலகையின் ஈரம். இரண்டு மாதம் கழித்தும் இரண்டு நாளில் நிரம்பினால் கதவு ஒழுகுகிறது, கடதாசிச் சோதனைக்குத் திரும்புங்கள்.

கருவிகள் உள்ளே போகும்போது

முதலில் உப்பையும் வியர்வையையும் எடுக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் காறி அமிலமாகும், பிசினும் பிடிக்கும். டயல் கேஜின் அசையும் தண்டுக்கு எண்ணெயே வேண்டாம், தூசி ஒட்டி இறுகும். சிலிப் கேஜ்களை ஒட்டியபடி விடாமல் பிரித்து, அமிலமற்ற வேஸ்லீன் பூசி வையுங்கள்.

மைக்றோமீற்றரின் முகங்களுக்கு இடையில் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், பூட்டை இறுக்காதீர்கள். முகங்கள் முட்டியிருந்தால் நடுவில் ஈரம் நின்று இரண்டும் துருப்பிடிக்கும். வேணியரின் தாடைக்கும் அப்படியே. மாதக்கணக்கில் எடுக்காத டிஜிற்றல் கருவியின் பற்றரியைக் கழற்றிவிடுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து வந்த கருவியை உடனே திறக்காதீர்கள், வியர்க்கும். பெட்டியோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு திறந்து, துடைத்து, லாச்சியில் வையுங்கள். மார்கழி விடியலில் காற்றின் ஈரப்பதன் கூடுதலாக இருக்கும், வெயில் ஏறிய பிறகு கதவைத் திறப்பது நல்லது.

சோளகம் ஓய்ந்ததும் இறப்பர்ப் பட்டியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, மாரி தொடங்குமுன் கடதாசிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பட்டி அமுங்கியபடியே நின்றால் புதிது ஒட்ட வேண்டும், இரண்டரை மீற்றர் போதும்.